ஏறவா, இறங்கவா? மதுரைப் பக்கம் ஓட்ட எந்த பேட்டரி மலைச் சைக்கிள்

போன வாரம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். எதை எடுக்கட்டும்?" அடுத்த மாதம் வேலை மாற்றலாகி மதுரைக்கு வருகிறான். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில்தான் ஜாகை. அவன் பார்த்து வைத்திருப்பவை பேட்டரியில் ஓடும் மலைச் சைக்கிள்கள். ஒன்று டிரெயில் வகை, அதாவது மண்பாதையில் ஏறவும் இறங்கவும் பொதுவானது: முன்னால் 150 மி.மீ., பின்னால் 140 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன், 630 வாட்-ஹவர் பேட்டரி, எடை 23 கிலோ. இன்னொன்று டவுன்ஹில் பக்கம், அதாவது மலையிலிருந்து வேகமாக இறங்குவதற்கென்று செய்த வகைப் பக்கம், சாய்ந்தது: முன்னும் பின்னும் 180 மி.மீ., 700 வாட்-ஹவர், எடை 25 கிலோவைத் தொடுகிறது. விலையில் இரண்டாவது இருபதாயிரம் கூட. இரண்டுமே ஒரு பழைய கார் விலை. அக்காவுக்கு இன்னும் தெரியாது; இதைப் படிப்பவர்களும் போட்டுக் கொடுத்துவிட வேண்டாம்.

"படத்துல ரெண்டாவதுதான் மாமா கெத்தா இருக்கு" என்றான். கெத்தாகத்தான் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் தடித்த ஃபோர்க்கும் அகன்ற டயருமாக ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி நிற்கும். காளை வளர்ப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், வாடிவாசலில் நிற்பது வருஷத்தில் சில நிமிஷம், மீதி நாளெல்லாம் தீவனம் யார் போடுவது என்பதுதான் பேச்சு.

நான் மூன்று வருஷமாக டிரெயில் வண்டி ஓட்டுகிறேன். நண்பர் ஒருவர் வெளிநாடு போனபோது தன்னுடைய 170 மி.மீ. வண்டியை இரண்டு வாரம் என்னிடம் விட்டுப் போனார். அதனால் இரண்டையும் இதே மண்ணில், இதே வெயிலில் ஓட்டிப் பார்த்த அனுபவம் இருக்கிறது. போனில் சொல்லி முடியாததை எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். நம்மூர்க் கடைகளில் ‘எம்டிபி’ (மவுண்டன் பைக்) என்று ஸ்டிக்கர் ஒட்டி முப்பது, நாற்பதாயிரத்துக்கு விற்கிற பேட்டரி சைக்கிள் வேறு. அதில் மோட்டார் பின்சக்கரத்து ஹப்பில் இருக்கும். பலவற்றில் முறுக்கினால் ஓடும் த்ராட்டிலும் உண்டு. டியூஷனுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் அருமையான வண்டி. ஆனால் சைக்கிளின் கியர் அந்த மோட்டாருக்குப் பயன்படாது. செங்குத்து மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் திணறும், சூடேறும். நான் பேசுவது மிட் டிரைவ் வண்டிகளைப் பற்றி. இதில் பெடல் அச்சிலேயே மோட்டார். அதன் விசை செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. மேடு வந்தால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் போதும், மோட்டார் தனக்குச் சுகமான சுற்றிலேயே ஓடும். பாஷ் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 என்று பேர் பெற்ற மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை தருபவை. டிரெயில் வண்டிக்கும் டவுன்ஹில் சாய்ந்த வண்டிக்கும் பெரும்பாலும் ஒரே மோட்டாரைத்தான் மாட்டுகிறார்கள். ஆகவே எதில் பவர் அதிகம் என்று தேடிக்கொண்டிருப்பதில் பலனில்லை. வித்தியாசமெல்லாம் ஃபிரேமின் வாகிலும் சஸ்பென்ஷனிலும்தான்.

டிரெயில் வண்டியின் ஃபோர்க் தரையோடு 65, 66 டிகிரி கோணத்தில் நிற்கும். மற்றது 63-க்குப் பக்கம் வரும். இரண்டு டிகிரியில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முன்சக்கரம் நம்மை விட்டு எட்டப் போய்விடுகிறது, அதுதான் விஷயம். செங்குத்தாக இறங்கும்போது அது ஒரு வரம். தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்ற பயமே வராது. அதே வண்டியில் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, பசித்த மாடு வேலியோரம் இழுப்பது போல அங்கேயும் இங்கேயும் அலையும். சக்கரத்துக்குச் சக்கரம் நீளமும் கூட. நண்பர் வண்டியோடு ஒருநாள் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் தப்பு வழி பிடித்துவிட்டேன். திரும்ப இடமில்லை. இரண்டு பக்கமும் முள். பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்து ஐந்து தவணையில் திருப்பினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பேட்டரி போட்டும் தூக்கத்தேன் வேண்டியிருக்கு" என்றார்.

இதையெல்லாம் போனிலேயே சொன்னதற்கு மருமகன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "மோட்டார் ஏத்திவிட்டுரும்ல மாமா? ஏறுறதுக்கு மோட்டார், இறங்குறதுக்கு 180. ரெண்டும் கிடைச்ச மாதிரிதானே?"

விற்கிறவர்கள் சொல்வதும் இதைத்தான், அதில் உண்மையும் உண்டு. டவுன்ஹில் என்ற விளையாட்டே, மேலே ஏற்றிவிட யாராவது இருப்பார்கள் என்ற தைரியத்தில் பிறந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பாயிஸ் மலைப் பக்கத்துப் பையன்கள் பழைய கனத்த சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மண்பாதையில் உருட்டிவிட்டார்கள். அதில் ஒரு பாதைக்கு ரீபேக் என்று பெயர். ஒரு தடவை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து போய்விடும், திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம் என்பதால் வந்த பெயர். பிறகு கனடாவின் விஸ்லர் மாதிரி ஊர்களில் பனிச்சறுக்கு லிஃப்டிலேயே சைக்கிளை மாட்டி ஏற்றினார்கள். நமக்குப் பக்கத்தில் பழனியில் ரோப் கார் இருக்கிறது. அதில் முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இடம்.

லிஃப்ட் இல்லாத ஊருக்கு மோட்டாரே லிஃப்ட். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருமகன் 62 கிலோ, வண்டி 25. தண்ணீர், ஹெல்மெட், பை, ஷூ எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 272 வாட்-ஹவர் வேண்டும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்: எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கி 3600-ஆல் வகுத்தால் வரும். இதில் மூன்றில் ஒரு பங்கைக் கால் பார்த்துக்கொள்ளும் என்றாலும், மோட்டாரில் சூடாகப் போகும் நஷ்டம், முரட்டு டயரின் உராய்வு எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து 300-க்குப் பக்கம் போய்விடும். 700 வாட்-ஹவரில் இரண்டு ஏற்றம், கையில் கொஞ்சம் மிச்சம்.

இந்தக் கணக்கில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. இரண்டு வண்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் இரண்டு கிலோ. ஆயிரம் மீட்டர் ஏற அந்த இரண்டு கிலோவுக்கு ஆகும் செலவு ஐந்து, ஆறு வாட்-ஹவர்தான். கனமான வண்டி பேட்டரியைத் தின்றுவிடும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், தப்பு. தின்பது டயர். டவுன்ஹில் வண்டியில் வரும் பிசுபிசுப்பான ரப்பர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். தார் ரோட்டையும் அப்படியே கவ்வும். வீட்டிலிருந்து மண்பாதை தொடங்கும் இடம் வரை பத்து கிலோமீட்டர் தார் ரோடு என்றால், ம்ம்ம் என்று இரைந்துகொண்டே பேட்டரியையும் ரப்பரையும் சேர்த்துத் தேய்க்கும். எடை எங்கே வலிக்கும் என்றால் மாடிப்படியில். எங்கள் வீட்டுப் படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. 25 கிலோவை அதில் தினமும் தூக்கப்போகிறவன் நானல்ல.

ஆக, ஏற்றிவிடும் வேலையை மோட்டார் செய்துவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு எங்கே இறங்குவது?

மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாசலில் நின்றால் நாகமலை நீண்டு படுத்திருக்கிறது. கிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, அதைத் தாண்டினால் சிறுமலை. பெரிதாக வேண்டுமென்றால் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல், தேனி தாண்டி போடிமெட்டு, மேகமலை. மேப்பில் பார்த்தால் டவுன்ஹில் வண்டிக்கென்றே செய்த ஊர் போலிருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மேலே தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவர்கள் மத்தியில் முள்டயரை உருட்டுவது சட்டத்துக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. யானைமலையிலும் சமணப் படுக்கைகளும் குடைவரைகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் அது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூர்ப் பக்கமே திரண்டு நின்று காப்பாற்றிய பாறையில் போய் நாம் தடம் போடக் கூடாது.

பெரிய மலைகள் காப்புக் காடு. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போன இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் காட்டுக்குள் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. அனுமதியில்லாமல் நடந்தே போக முடியாத இடத்தில் சைக்கிளுக்கு என்ன மரியாதை? மேகமலை 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. கொடைக்கானலிலும் சிறுமலையிலும் காட்டுமாடு உண்டு. திருப்பத்தில் ஓசையில்லாமல் வந்து நிற்கும் சைக்கிளை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. மிஞ்சுவது மலைத் தார் ரோடு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் தார்தான். அதில் இறங்க 180 மி.மீ. எதற்கு? நல்ல பிரேக் போதும்.

அப்படியானால் நாங்கள் எங்கேதான் ஓட்டுகிறோம்? கண்மாய்க் கரை. வாய்க்கால் ஓரம். நாகமலை அடிவாரத்துத் தரிசு, சரளை மேடு. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து மாட்டுவண்டித் தடங்கள். திருமங்கலம் தாண்டினால் கரிசல் காட்டு வரப்பு. மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது, சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு வண்டி நகராது. இந்தப் பாதைகளின் லட்சணம் என்னவென்றால், ஒரே நேரத்தில் ஐம்பது மீட்டருக்கு மேல் இறக்கம் கிடைப்பது அரிது. ஏறி, இறங்கி, வளைந்து, ஒரு மடையைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். மூன்று மணி நேரம் ஓட்டினால் அதில் வேகமாக இறங்குவது பத்து நிமிஷம் இருக்கலாம். கண்மாய்க் கரையிலிருந்து இறங்க 180 மி.மீ. வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு பழைய ஹெர்குலிஸில் அதே கரையில் இறங்குகிற ஆள் சிரிப்பார்.

இதற்கு டிரெயில் வண்டிதான் கச்சிதம். மெதுவாகப் போகும்போதும் சொன்ன பேச்சுக் கேட்கும், சட்டென்று திரும்பும். சஸ்பென்ஷன் குறைவாக இருப்பதால், மிதிக்கிற மிதியில் பாதி ஸ்பிரிங்குக்குப் போகாமல் சக்கரத்துக்குப் போகும். நம்மூர்த் தரை சமதளம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த களிமண்ணில் ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், பல் ஆடும். அதற்கு 140 தாராளம்.

இனி, டிரெயில் வண்டி என் மூக்கை உடைத்த கதை. போன சித்திரையில் நாகமலையின் மேற்குப் பக்கம் அடிவாரத்தோடு போய்க்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கே வெயில் தகிக்கிறது. வெள்ளைக்கல் சில்லுகள் கிடக்கும் ஒரு சரிவு. வேகம்கூட இல்லை. பின்டயரின் பக்கச் சுவரில் ஒரு கல் விளிம்பு கீறியது. பிஸ்ஸ் என்ற சத்தம், காலில் வெள்ளை வெள்ளையாக சீலன்ட் தெறிப்பு. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் நெருஞ்சி முள் ஓட்டையை அடைத்துவிடும். கருவேல முள்ளைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் அடைத்துவிடும். பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பையில் டியூப் இருந்தது. கிழிசலுக்கு உள்ளே பத்து ரூபாய் நோட்டை மடித்து வைத்து டியூப் போட்டுக் காற்றடித்தேன். அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, கருவேல முள் டியூபைப் பார்த்துவிட்டது. இரண்டாவது டியூப் கிடையாது. ஏழு கிலோமீட்டர் 23 கிலோ வண்டியைத் தள்ளினேன். தள்ளும்போது துணை செய்ய வண்டியில் ஒரு பட்டன் உண்டு, நடக்கிற வேகத்துக்கு மோட்டார் இழுக்கும். காற்றில்லாத டயரில் அதையும் முழுசாக நம்ப முடியாது, டயர் விளிம்பை விட்டுக் கழன்று வந்துகொண்டே இருந்தது. வழியில் ஒரு கிணற்றடியில் பம்பு செட் ஓடிக்கொண்டிருந்தது. தலையை அதன் கீழே பத்து நிமிஷம் நீட்டியதில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த இடத்தில் நண்பருடைய வண்டி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவருடைய சஸ்பென்ஷனுக்கு இதில் பங்கில்லை, காப்பாற்றுவது அந்த வண்டியின் டயர். டிரெயில் வண்டிகளோடு வருகிற டயர் மெல்லிய துணி அடுக்கில் செய்தது. எடை குறைய வேண்டுமே. டவுன்ஹில் டயரில் பக்கச் சுவர் இரட்டை அடுக்கு, ஒரு டயருக்கு முந்நூறு, நானூறு கிராம் கூடும். மேல்நாட்டுக் காட்டு மண்ணுக்கு வகுத்த டிரெயில், டவுன்ஹில் பாகுபாடு, சீமைக்கருவேலம் முளைத்த நிலத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நமக்கு வேண்டியது டிரெயில் வண்டியின் உடம்பும் டவுன்ஹில் வண்டியின் காலும்.

அதைத்தான் மருமகனுக்கும் சொன்னேன். விலையில் மிச்சமாகும் இருபதாயிரத்தில் டவுன்ஹில் அடுக்குள்ள டயர் இரண்டு வாங்கு. முன்னால் மெத்தென்ற ரப்பர், பின்னால் கொஞ்சம் கெட்டியானது. தார் ரோட்டில் தேய்வது பின்னால்தான். பிரேக் ரோட்டர், அதாவது டிஸ்க் தட்டு, பின்னால் 180 மி.மீ. இருந்தால் 203-க்கு மாற்று. அதற்கு முன்பு வண்டியின் ஃபிரேம் எவ்வளவு பெரிய ரோட்டரை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள். சீலன்ட் ஆறு மாதம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும், மதுரையில் எனக்கு இரண்டு மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடுகிறது. காலையில் 24 பிஎஸ்ஐ அடித்த டயர் மதிய வெயிலில் 26-ஐத் தாண்டும், அதையும் மனதில் வை. கனத்த டயரால் பேட்டரி கொஞ்சம் கூடப் போகும்தான். மேலே போட்ட கணக்கில் நானே டயரைத் திட்டினேன். ஏழு கிலோமீட்டர் தள்ளியவனுக்கு அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வண்டியைப் பற்றி அவன் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்னால் இருப்பது காற்றடிக்கும் ஷாக் அல்ல, சுருள் ஸ்பிரிங். விற்கிறவர் தொண்ணூறு கிலோவுக்கு மேலான ஆள் என்று அவனே சொன்னான். அவர் எடைக்குப் போட்ட ஸ்பிரிங் அது. ஏறி உட்கார்ந்தாலே சஸ்பென்ஷன் முப்பது சதவீதம் வரை அமுங்க வேண்டும், 180-க்கு 54 மி.மீ. 62 கிலோ ஆள் உட்கார்ந்தால் 36-தான் அமுங்கும். வண்டி விறைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அனுப்பும். 180 மி.மீ. வாங்கி 140-ஐவிட மோசமாக ஓட்ட இது நல்ல வழி. காற்று ஷாக் என்றால் சின்னப் பம்பில் நாலு அடி அடித்துச் சரிசெய்யலாம். சுருளுக்கு வேறு ஸ்பிரிங் தேடிப் பிடித்து வரவழைக்க வேண்டும். மதுரையில் சைக்கிள் கடைக்கும் கைராசியான மெக்கானிக்குக்கும் குறைவில்லை. இந்த ஸ்பிரிங்கை அவர்களிடம் கேட்டால், ‘டிராக்டருக்கா?’ என்பார்கள்.

டவுன்ஹில் வண்டியைக் குறை மட்டுமே சொல்லிவிட்டுப் போனால் அது அநியாயம். அந்த இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாண்டிக்குடிப் பக்கம் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துக்குள் பழைய கல் பாவிய ஜீப் பாதை, நடுநடுவே வேர், பாசி, உருண்டைக் கல். தோட்ட ஜீப்பில் வண்டிகளை ஏற்றிவிட்டார்கள். முதல் இறக்கத்தில் என் டிரெயில் வண்டியில் போனேன். இரண்டு இடத்தில் இறங்கி நடந்தேன். இரண்டாவது இறக்கத்தில் நண்பருடையது. நடந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன் என்று சொன்னால் மிகை, ஆனால் பிரேக்கை விட்டேன். கல் ஒவ்வொன்றும் அடியில் எங்கேயோ கரைந்து போனது. கீழே வந்தபோது கை நடுங்கவில்லை. ஆரஞ்சு மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு, இதை விலைக்குக் கேட்டால் கொடுப்பாரா என்று யோசித்தது உண்மை. மூன்றாவது தடவை, நாலாவது தடவை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் மொத்தம் ஓட்டியது முக்கால் மணி நேரம் இருக்கும். காரில் உட்கார்ந்திருந்தது ஐந்து மணி நேரம்.

அப்படி ஒரு தோட்டம் சொந்தமாக இருக்கிறது, அல்லது உடையவர் வாராவாரம் வா என்கிறார், காரின் பின்னால் 25 கிலோ தாங்கும் ரேக் இருக்கிறது, கூட வர நாலு பேர் இருக்கிறார்கள் என்றால் இரண்டாவது வண்டியை எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். இறங்கும்போது பயந்து பயந்து பிரேக்கைப் பிடிப்பவர்களுக்கும் அது தைரியம் கொடுக்கும் வண்டி. மருமகனுக்கு இப்போதைக்குக் காரும் இல்லை, தோட்டமும் இல்லை. மாமாவுக்கு இருப்பது ஒரு ஸ்கூட்டர்.

வெயில் விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் ஒரே விதி. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சார்ஜ் போடும் இடம் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தகரக் கொட்டகை அதை எப்போதோ தாண்டிவிடும். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல், கழற்றி நடுவீட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்ட வேண்டும். பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. அதனால் பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டியா என்பது நமக்கு முக்கியம். இரண்டிலுமே முடியும் என்கிறான். விமானத்தில் கொண்டுவரும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிட வேண்டும்: பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேல் பேட்டரி ஏற்ற மாட்டார்கள்.

கழுவுவது பற்றி ஒரே வரி: பைக் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோகாதே. அங்கே பீய்ச்சுகிற வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் மோட்டார் இடுக்கிலும் புகுந்துவிடும். ஒரு வாளியும் பழைய பிரஷும் போதும்.

சட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான். மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுபோனால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் அந்த எல்லை 32 கிலோமீட்டராக இருக்கும். வாங்கும் வண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறானாம், டிரெயில் வண்டியை மட்டும். நான் சொல்லி அனுப்பியது இவ்வளவு. திரையில் மொத்தம் ஓடிய கிலோமீட்டரையும், பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கிறது என்பதையும் பார். சர்வீஸ் மையத்தில் மாட்டினால் பேட்டரியின் இப்போதைய கொள்ளளவைக் காட்டும் ரிப்போர்ட் எடுக்கலாம், அதைக் கேள். செயினைத் தேய்மானக் கருவியில் அளந்து பார். மிட் டிரைவ் மோட்டார் செயினைத் தின்னும், செயின் போனால் கேசட்டும் கூடவே போகும். வண்டியைப் படுக்க வைத்து மோட்டாருக்கு அடியில் கல் பட்ட அடி, விரிசல் இருக்கிறதா என்று பார். ஏதாவது ஒரு பாலத்து மேட்டில் சின்ன கியரில் போட்டு அழுத்தி மிதித்து, கரகர என்று சத்தம் வருகிறதா என்று கேள். ஃபோர்க் தண்டில் விரலை ஓட்டிப் பார்த்தால் கீறல் தெரியும்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "அவ்வளவுதானே மாமா?" என்றான். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பக் கூப்பிட்டேன். "பேட்டரி பூட்டுக்கு ரெண்டு சாவி வரும்டா. ரெண்டையும் கேட்டு வாங்கு. சாவியில நம்பர் பொறிச்சிருக்கும், அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிரு. என்னுதுல ஒண்ணு கண்மாய்க்குள்ள கிடக்கு."